மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ (ரஹ்)

வட இந்தியாவில் கைரானா என்னும் ஊரில் 1818-இல் பிறந்தவர்கள் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் (ரஹ்) அவர்கள். ஜெர்மானியப் பாதிரியார் ஃபண்டர் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ முஸ்லிம்களைக் கலங்கச் செய்த காலம் அது. மறுப்புரைக்கப் புகுமுன், பைபிளைப் பற்றி ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்களே ஆராய்ந்தெழுதிய நூல்களை, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்ற டாக்டர் வஸீர்கான் துணையுடன் அன்னார் கற்றறிந்தார்கள்.

1854 ஏப்ரலில் ஆக்ராவில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. ஈஸா நபி (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட இன்ஜீல் அப்படியே இன்று இல்லை. இருப்பது மனிதர் கைபட்டது என்று அன்னார் நிறுவினார்கள். பிரதிகளில் பிழைகள் உண்டென ஒப்பிய பாதிரியார், அதனால் மூலக் கொள்கை கெடவில்லை என்றார்.

1857 கிளர்ச்சிக்குப்பின் ஆங்கில அரசு அன்னாரின் சொத்துக்களைப் பறித்தது. மக்காவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். துருக்கி சுல்தான் அப்துல் அஸீஸின் அழைப்பையேற்று இஸ்தான்பூல் சென்று, ‘இழ்ஹாருல் ஹக்’ நூலை 1864-இல் அரபியில் எழுதினார்கள். ஸவ்லத்துன்னிஸா பேகம் என்னும் சீமாட்டியின் பொருளுதவியால் மக்காவில் ஸவ்லதிய்யா மதரஸாவை நிறுவி, 1891-இல் அங்கேயே வஃபாத்தானார்கள்.

பிறர் வேதத்தைப் பற்றிப் பேசுமுன் அதைப் படித்தறிந்தவர்கள் அன்னார். நாமோ நம் வேதத்தையேனும் பொருளுணர்ந்து ஓதுகிறோமா? அந்த இல்மை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.