மறவர் சீமையில் ஒரு காவித் துறவி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

தெபிரித்தோ என்றதும் நம்மில் பலருக்குத் தேவகோட்டைப் பள்ளிக்கூடந்தான் நினைவுக்கு வரும். அப்பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் விழிப்போர் நம்மிடையே மிகுதி. தேவகோட்டையைக் கடந்து திருவாடானைப் பக்கம் சென்றால் ஓரியூர் என்னும் சிற்றூர் வரும். அங்கே பாம்பாற்றங்கரையில் ஓரிடத்து மணல் சிவந்து கிடக்கிறது. கிறித்தவர்களோடு இந்துக்களும் வந்து மொட்டையடித்து நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். பிள்ளை வரம் வேண்டுவோர் அம்மண்ணை முந்தானையில் முடிந்து கொண்டு போகின்றனர். மண் சிவப்பதற்கு இரும்பு ஆக்சைடு போதும் என்று வேதியியல் படிக்கும் நான் சொல்லிவிடலாம். அவர்கள் அங்கே தேடி வருவது ஆக்சைடை அன்று. அம்மண்ணில் 1693ஆம் ஆண்டு குருதி சிந்திய ஒருவரைத் தேடி வருகின்றனர்.

அருளானந்தர் எனத் தமிழ் மக்கள் அழைத்த ஜான் தெ பிரித்தோ 1647ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனில் பிறந்தார். உயர்குடிப் பிறப்பு. தந்தையைச் சிறு வயதிலேயே இழந்த அவர் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தார். ஒருமுறை கடும் நோயில் விழ, அன்னையார் புனித சவேரியாருக்கு நேர்ந்து கொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்ச்சைப்படி ஓராண்டுக் காலம் இயேசு சபைத் துறவியரின் கறுப்பு அங்கியை அணிந்தே அரண்மனையில் நடமாடினான். பட்டும் பொன்னும் மின்னும் கூடத்தில் கறுப்பு அங்கி அணிந்த ஒரு சிறுவன்! உடையால் தனித்து நிற்பது அவருக்கு அன்றே பழகிவிட்டது போலும்.

1662இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் குருவாகி அவ்வாண்டே கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்தார். அந்த மிஷன் அப்போது செஞ்சி முதல் சேது நாடு வரை பரந்து கிடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனும் ராபர்ட் தெ நோபிலி, ஐரோப்பியப் பழக்கவழக்கங்கள் வேறு, கிறித்துவின் நெறி வேறு என்று கண்டவர். கோட்டும் தொப்பியும் மதமல்ல என்று காவி உடுத்துப் பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். ஆயின் அக்கோலத்தில் இருந்தவர் தாழ்த்தப்பட்ட மக்களோடு கலந்து பழக முடியவில்லை. ஆகவே 1640 முதல் பல்தசார் தெ கோஸ்தா போன்றோர் சைவப் பண்டாரங்களின் கோலத்தை மேற்கொண்டனர். இவர்களே பண்டாரசாமிகள். இவர்கள் எல்லாச் சாதியார்க்கும் மறைப்பணி புரியலாம்.

அருளானந்தர் பண்டாரசாமியானார். காவி வேட்டி, தலைப்பாகை, மரப் பாதக்குறடு. இறைச்சி, மீன், மது அனைத்தையும் துறந்தார். தமிழ் கற்றார். பெயரும் தமிழாயிற்று. யோவான் என்ற எபிரேயச் சொல் இறைவனின் அருளைக் குறிப்பது. அதையே தமிழ் மக்கள் வாய்மணக்க அருளானந்தர் ஆக்கிக் கொண்டனர். இறக்குமதிச் சரக்காக வந்த சமயம் இவ்வாறுதான் மண்ணின் பயிராயிற்று.

ஆயினும் முழுப் புகழ்ச்சி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சாதிதோறும் தனித்தனி ஏற்பாடு என்பதை இம்முறை ஒழிக்கவில்லை. அதனோடு இணங்கிப் போயிற்று. அருளானந்தர் மறைந்த பின் 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் துர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். தமிழ்த் திருமணச் சடங்குகள் பலவற்றை அது தடுத்தது, அது கடுமையே. ஆனால் அதே ஆணைதான், நோயுற்ற பறையர் குடிசைக்குள்ளும் குருமார் சென்று திருச்சடங்கு செய்ய வேண்டும் என்றது. தேங்காய் உடைப்பதில் தூதர் தவறினார். குடிசை வாயிலில் அவரே சரி. பண்பாட்டை மதிக்கிறோம் என்று சொல்லும்போது அதில் எதை மதிக்கிறோம் என்று கேட்பது இக்காலத்துக்கும் பொருந்தும்.

அருளானந்தர் 1686இல் மறவர் சீமைக்கு வந்தார். நம் காரைக்குடிப் பகுதியும் சிவகங்கையும் அன்று சேதுபதியின் ஆட்சிக்கு உட்பட்டவை. சிவகங்கைத் தனியரசு அதன் பின்னர் எழுந்தது. ஆண்டவர் ரகுநாத கிழவன் சேதுபதி. சில மாதங்களில் இரண்டாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குப் பெற்றதாக மிஷன் கடிதங்கள் கூறும். ஜூலையில் அவரும் உபதேசியார் சிலரும் மங்கலம் என்ற ஊரருகே பிடிபட்டனர். சிவ நாமம் சொல்லும்படி அடித்து வதைத்தனர், நீரில் அமிழ்த்தினர். சிவனடியார் கோலத்தை மகிழ்ந்து ஏற்றவர் சிவ நாமத்தைச் சொல்ல மறுத்தார்! கோலம் கொள்ளலாம், வழிபாட்டை மாற்ற இயலாது என்பது அவர் வகுத்துக் கொண்ட எல்லை. இராமநாதபுரத்தில் சேதுபதி அவரை அழைத்து அவர் கொள்கையைக் கேட்டறிந்தார். இனி இச்சீமையில் போதிக்கலாகாது என்று எச்சரித்து விடுவித்தார். அன்றைய நிலையில் இது பெருந்தன்மையே.

1687இல் மிஷன் அலுவலாக அவரை லிஸ்பனுக்கு அனுப்பினர். பழைய தோழர் பேதுரு இப்போது மன்னர். தம் மகனுக்கு ஆசானாக அங்கேயே தங்குமாறு வேண்டினார். அருளானந்தரோ அரண்மனை நகரிலும் புலால் உண்ணவில்லை, தரையிலேயே துயின்றார். யாருக்கும் காட்ட வேண்டாத இடத்திலும் விடாத பழக்கத்தை வேடம் என்று எவ்வாறு சொல்வது? 1690இல் கப்பலேறித் திரும்பிவிட்டார். தடை விதிக்கப்பட்ட சீமைக்கே மீண்டும் வந்தார்.

அங்கே தடியத் தேவர் என்ற பெருந்தலைவர் நோயில் கிடந்தார். அவர் சேதுபதிப் பட்டத்துக்கு உரிமை கோரத்தக்க குடும்பத்தவர் என்பர். உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தியை ஓதி வேண்டியபின் பிணி நீங்கியது. தேவர் திருமுழுக்கு வேண்டினார். அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவி ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் இசைந்தார், மற்றவர்களைத் தங்கையராகக் கருதிக் காப்பதாகச் சொன்னார். 1693 ஜனவரி 6ஆம் நாள் திருமுழுக்கு நடந்தது.

விலக்கப்பட்டவருள் இளையவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் அரண்மனைக்குச் சென்று முறையிட்டார். மறவர் தலைவர்க்கு மணம் என்பது இரு குடும்பங்களின் அரசியல் உறவு; அவ்வுறவு அறுந்தது மன்னர்க்கு அவமதிப்பாயிற்று. வரலாற்று நூல்கள் பல இப்பெண்ணைப் பழிகாரியாகவே எழுதிச் செல்கின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. ஒருத்திக்கு ஒருவன் என்பது நல்ல அறம். ஆனால் நேற்று வரை மனைவி, இன்று தங்கை என்றால் அவள் என் செய்வாள்? அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகக் காணோம். குருமார் கடிதம் எழுதினர், கடிதங்கள் வரலாறாயின. அவள் பக்கத்தை எழுத எவருமில்லை. கைநாட்டு வைத்தே வாழ்ந்து முடித்த அப்பத்தாவின் பேத்தி நான். ஆதலின் இவ்விடத்தில் சற்று நின்றுதான் போக முடிகிறது.

ஜனவரி 8ஆம் நாள் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்தில் அடைத்து வைத்தனர். அங்கே வைத்துக் கொல்வது கலகம் விளைக்கும் என்று அஞ்சியோ என்னவோ, சேதுபதியின் உடன்பிறந்தார் அதிகாரம் செலுத்திய ஓரியூருக்கு அனுப்பினர். சிறையில் எழுதுகோல் ஏது? கரியை நீரில் குழைத்துத் துரும்பால் தொட்டுத் தம் தோழர்க்கு இறுதிக் கடிதம் வரைந்தார். பிப்ரவரி 4ஆம் நாள் ஆற்றங்கரை மேட்டில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது நாற்பத்தாறு நிறையவில்லை.

அதன்பின் நடந்தது இன்னொரு வியப்பு. கொன்ற நாடு அவரைக் கொண்டாடத் தொடங்க, அவருடைய திருச்சபையிலேயே சிலர் தயங்கினர். தமிழ்ச் சடங்குகளோடு இணங்கிய குருவைத் தியாகி எனலாமா என்று வழக்காடினர். 1741இல் போப் பதினான்காம் ஆசிர்வாதப்பர் அது தடையன்று என்று முடிவு சொன்னார். எனினும் முத்திப்பேறு பெற்றவர் என அறிவிக்க 1853 ஆயிற்று. இச்சடங்குகளை ஏற்க மாட்டோம் என்று குருமார் செய்து வந்த சத்தியம் 1940இல்தான் நீக்கப்பட்டது. ஏழாண்டு கழித்து, 1947 ஜூன் 22ஆம் நாள், ரோமாபுரியில் அருளானந்தர் புனிதராக உயர்த்தப்பட்டார். நம் நாடு விடுதலை பெற அப்போது இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.