இரு கச்சையுடைய நாயகியின் இல்லறம்

அஸ்மா பின்த் அபூபக்ர் ரலியல்லாஹு அன்ஹா அவர்களின் பெயரைக் கேட்டதும் ஹிஜ்ரத் பயணமே நம் நினைவுக்கு வரும். கி.பி. 622-ல் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களும் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, உணவுப் பையைக் கட்டக் கயிறின்றித் தம் இடைக்கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அதனால் ‘தாத்துன் நிதாக்கைன்’, அதாவது இரு கச்சையுடையார், என்ற சிறப்புப் பெயர் பெற்றார்கள். இதை நாம் மீலாது மேடைகளில் கேட்டிருக்கிறோம். மதீனாவில் அவர்கள் நடத்திய குடும்ப வாழ்வை நாம் அதிகம் பேசுவதில்லை.

அவர்களின் கணவர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள், பெருமானாரின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்களின் புதல்வர். சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். மணம் முடித்தபோது அவர்களிடம் ஒரு குதிரையும் நீர் சுமக்கும் ஓர் ஒட்டகமுமே இருந்தன. நிலமில்லை, பணியாளுமில்லை. குதிரைக்குத் தீனி வைப்பது, தண்ணீர் இறைப்பது, தோல்வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அஸ்மா நாயகியின் பொறுப்பாயின. ரொட்டி சுடுவது மட்டும் அவர்களுக்குக் கைவரவில்லை. அண்டை வீட்டு அன்சாரிப் பெண்கள் அன்போடு சுட்டுக் கொடுத்தார்கள்.

பின்னர் பெருமானார் (ஸல்) அவர்கள் ஸுபைர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் வழங்கினார்கள். அது ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவு. அங்கிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள் நாயகி. ஒருநாள் வழியில் நபியவர்கள் சில அன்சாரித் தோழர்களுடன் வந்தார்கள். சுமையைக் கண்டதும், தம் பின்னே ஏற்றிக் கொள்வதற்காக ஒட்டகத்தை மண்டியிடச் செய்தார்கள். ஆண்களோடு செல்ல நாணமுற்ற நாயகிக்குக் கணவரின் ரோஷமும் நினைவில் எழுந்தது. அதை உணர்ந்த பெருமானார் வற்புறுத்தாமல் தம் வழியே சென்றார்கள்.

வீடு திரும்பி நடந்ததைச் சொன்னார்கள். நபியவர்களுடன் ஏறி வருவதைவிட, அவர்கள் கொட்டைச் சுமையோடு நடந்ததே தமக்குப் பெரிதும் வலிக்கிறது என்றார்கள் ஸுபைர் (ரலி). பிறகு தந்தை அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒரு பணியாளை அனுப்பி வைத்தார்கள். குதிரைப் பராமரிப்பு கைவிட்டுப் போனதும், அடிமைத்தளையிலிருந்தே விடுதலை பெற்றதுபோல் உணர்ந்ததாக நாயகி அவர்களே அறிவித்திருப்பது புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது.

அருமைச் சகோதரர்களே! ஸுபைர் (ரலி) அவர்கள் அறப்போர்களிலும் பெருமானாரின் பணிகளிலும் ஓய்வின்றி இருந்தவர்கள். அப்படியிருந்தும் மனைவியின் சுமை அவர்களுக்கு வலித்தது. அத்தகைய அலுவல் ஏதுமின்றித் திண்ணையில் அமர்ந்திருக்கும் நமக்கு என்ன சாக்கு? ரோஷம் என்பது பெண் வெளியே போவதைத் தடுப்பது மட்டும்தானா? அவள் இடுப்பிலுள்ள தண்ணீர்க் குடத்தைக் கண்டும் நமக்கு வர வேண்டாமா? சமையலும் துவையலும் மனைவியின் மீது கடமையல்ல என்பதே ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அவள் செய்வதெல்லாம் அவளது பெருந்தன்மை. கடன் கேட்பவரைப்போல் நாம் அதட்டி வாங்குவது எந்த நியாயம்? பெருமானார் (ஸல்) அவர்களே இல்லத்தில் குடும்பத்தாரின் வேலைகளில் துணை நின்றார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வீட்டு வேலையில் கை வைத்தால் ஆண்மை குறையுமென்று நாம் எங்கே படித்தோம்?

நாயகியின் புதல்வர் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை. ஹிஜ்ரி 73-ல் (கி.பி. 692) ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டபோது, அந்த மகனுக்கு நெஞ்சுறுதி ஊட்டி அனுப்பினார்கள் பார்வையிழந்த முதிய தாய். மகன் கொல்லப்பட்ட சில நாட்களில் தாமும் மறைந்தார்கள். அப்போது அவர்களுக்கு நூறு வயது என்பர் வரலாற்றாசிரியர்கள்.

அந்தத் தலை சுமந்தவற்றில் பேரீச்சங்கொட்டையும் ஒன்று என்பதை நாம் மறவாதிருப்போம். நம் வீட்டுப் பெண்களின் சுமையை அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் முன்பே உணரும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.