நெப்போலியன் அப்படிப் பேசினாரா?
கந்தல் பட்டாளத்தை எழுப்பிய பிரசங்கத்தின் மர்மம்!

மாவீரன் நெப்போலியனின் பிரசங்கம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. பசியால் வாடிய சிப்பாய்களை அந்த ஒரே பேச்சில் சிங்கங்களாக மாற்றிவிட்டார் என்பார்கள். ஆனால், அந்தப் பேச்சை அவர் பேசினாரா என்பதே சந்தேகம்!

1796-ம் ஆண்டு மார்ச் மாதம். நெப்போலியனுக்கு வயது 26. இத்தாலிப் போர்முனையில் இருந்த பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு அவரைத் தளபதி ஆக்கினார்கள். மார்ச் 9-ந் தேதி ஜோசபைனைக் கல்யாணம் செய்துகொண்டார். 11-ந் தேதி புறப்பட்டுவிட்டார். மணப்பெண் பாரீஸ் நகரில். மாப்பிள்ளை போர்முனையில்! மனைவிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதித் தள்ளினார்.

கந்தல் பட்டாளம்

மாதக் கடைசியில் நீஸ் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் கண்ட பட்டாளம் பரிதாபமாக இருந்தது. உடுப்பு கந்தல். பலருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. பணமும் பூட்சும் இல்லாமல் நகரமாட்டோம் என்று ஒரு படைப்பிரிவு அடம் பிடித்தது.

அவருக்குக் கீழே இருந்த தளபதிகளோ பழம் தின்று கொட்டை போட்டவர்கள். மசேனாவும் ஒஷெரோவும் அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர்கள். செரூரியேக்கு வயது 53. தகப்பனார் வயது!

இந்த நேரத்தில்தான் நெப்போலியன் பேசினாராம். நீங்கள் கந்தலும் பசியுமாகக் கிடக்கிறீர்கள். சர்க்கார் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. வளம் கொழிக்கும் நாட்டுக்கு நான் அழைத்துப் போகிறேன், பெரிய நகரங்கள் உங்கள் கைக்கு வரும், புகழும் செல்வமும் சேரும் என்ற கருத்துப்படப் பேசினாராம். மார்ச் 27-ந் தேதி என்று நாளும் குறித்திருக்கிறார்கள்.

தீவில் பிறந்த பேச்சு

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1796-ல் எழுதிய காகிதம் எதிலும் இந்தப் பேச்சு இல்லை. நீஸ் நகரிலிருந்து நெப்போலியன் பாரீசுக்கு அனுப்பிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் பட்டாளத்தின் வறுமை இருக்கிறது. பேச்சு இல்லை.

பிறகு எங்கிருந்து வந்தது? செயின்ட் ஹெலினா தீவிலிருந்து! 1815-ல் தோற்றுப் போன நெப்போலியனை ஆங்கிலேயர்கள் நடுக்கடல் தீவில் சிறை வைத்தார்கள். ஈரம் கசியும் வீடு. எலித் தொல்லை. ஒரு காலத்தில் ஐரோப்பாவையே ஆட்டிப் படைத்தவருக்கு அங்கே வேலை என்ன? பழைய வெற்றிகளைச் சொல்லச் சொல்ல, கூட இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த ஏடுகளில்தான் நீஸ் பிரசங்கம் இருக்கிறது. 1821 மே 5-ந் தேதி அவர் இறந்தார். பிறகே அவை புத்தகமாயின. 1858-ல் அவருடைய கடிதத் தொகுப்பு அரசாங்கச் செலவில் வெளிவரத் தொடங்கியது. பிரசங்கம் அதிலும் ஏறியது. அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்!

எனவே, இந்தப் பேச்சை எழுதியவர் 26 வயதுத் தளபதியா, ஐம்பதை நெருங்கிய கைதியா என்று சரித்திர ஆசிரியர்கள் கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் நிச்சயம். அந்தப் பட்டாளம் ஒரே மைதானத்தில் கூடி நின்று கேட்டிருக்க முடியாது. நீஸ் முதல் ஜெனோவாப் பக்கம் வரை, கடலோரத்திலும் மலையிலும் அது சிதறிக் கிடந்தது. ஒலிபெருக்கியும் கிடையாது. ஒவ்வொரு பிரிவாகப் பார்வையிட்டபோது இதுபோல ஏதாவது சொல்லியிருக்கலாம். முதுமையில் அவற்றைக் கோத்து மெருகேற்றியிருக்கலாம் என்பது பலர் கருத்து. நம்பக்கூடிய கருத்துதான்.

கொள்ளையடித்தால் சுடுவேன்!

சந்தேகம் இல்லாத அறிக்கை ஒன்றும் உண்டு. ஏப்ரல் 26-ந் தேதி கெராஸ்கோவில் வெளியிட்டது. அதற்குள் பட்டாளம் மாண்டனாட், மொண்டோவி முதலிய இடங்களில் வெற்றி பெற்றிருந்தது. பூட்ஸ் இல்லாமல் நடந்ததையும், ரொட்டி இல்லாமல் படுத்ததையும் சொல்லிச் சிப்பாய்களைப் பாராட்டினார். கூடவே, கொள்ளையடிப்பவர்களை ஈவிரக்கமின்றிச் சுடுவேன் என்றும் எச்சரித்தார். செல்வம் சேரும் என்று ஆசை காட்டிய நாக்கு, ஒரே மாதத்தில் இப்படி மாறியிருக்கிறது!

மே 15-ந் தேதி நெப்போலியன் மிலான் நகருக்குள் நுழைந்தார். லம்பார்டி நாட்டின்மீது 2 கோடி பிராங்க் தண்டம் விதித்தார். அதன்பின் சிப்பாய்களுக்குச் சம்பளத்தில் பாதியை வெள்ளி நாணயமாகவே கொடுத்தார். அதுவரை அவர்கள் வாங்கியதெல்லாம் மதிப்பிழந்த காகித நோட்டு.