கெர்ட்டி கோரி அம்மையார்

வண்டி புறப்பட்டுவிட்டது; ஓடிப்போய் ஏறுகிறோம். அந்த நொடியில் கால் தசைக்குச் சர்க்கரை தந்தது யார்? தசைக்குள்ளேயே கிளைக்கோஜன் என்ற பெயரில் சர்க்கரைக் களஞ்சியம் ஒன்று உண்டு. அதைத் திறக்கும் சாவியைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டவர் கெர்ட்டி கோரி அம்மையார்.

1896 ஆகஸ்டு 15இல் பிராகு நகரில் பிறந்தார். 1920இல் மருத்துவப் பட்டம் பெற்றார்; உடன் பயின்ற கார்ல் கோரியை அவ்வாண்டே மணந்தார். 1922இல் இருவரும் அமெரிக்கா சென்றனர். மனைவியோடு சேர்ந்து ஆராயக்கூடாது என்ற நிபந்தனையுடன் வந்த பதவியைக் கார்ல் உதறித் தள்ளினார். 1931இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. ஒரே ஆய்வகம், ஒரே ஆராய்ச்சி. அம்மையாருக்கோ சிறிய ஊதியத்தில் துணை ஆராய்ச்சியாளர் பணி! அவர் பேராசிரியரானது 1947இல்தான். நோபெல் பரிசும் அதே ஆண்டு வந்தது. இதை நீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கிளைக்கோஜனிலிருந்து சர்க்கரையைப் பிரிக்கும் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியைக் கண்டவர்கள் கோரி தம்பதியரே. அந்நொதிக்கு இரண்டு வடிவங்கள். 'ஏ' தானே வேலை செய்யும். 'பி' ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறு வந்தால்தான் விழிக்கும். அப்படியானால் 'ஏ'க்குள் ஏஎம்பி ஒளிந்திருக்க வேண்டுமல்லவா? தேடினார்கள், அகப்படவில்லை.

விடை 1955இல் சியாட்டில் நகரிலிருந்து வந்தது. கோரி ஆய்வகத்தில் பயின்ற எட்வின் கிரெப்சும் நண்பர் ஃபிஷரும், ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து 'பி'யின் மேல் ஒட்டி, அதை 'ஏ'யாக்கும் மற்றொரு நொதியைக் கண்டனர். அதுவே பாஸ்பாரிலேஸ் கைனேஸ். நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு நான்காகப் பதினாறு கூடிய பெரும் கூட்டு அது என்பது பின்னர் தெரிந்தது. அவற்றுள் ஒன்று கால்சியத்தைப் பற்றும். தசை சுருங்கக் கால்சியம் பெருகும்போதே கைனேஸும் விழிக்கிறது. உழைப்புக்கும் உணவுக்கும் ஒரே அழைப்பு! அட்ரினலின் தூண்டினால் வேறொரு கைனேஸ் வந்து இதன் மேல் பாஸ்பேட்டை ஒட்டிச் செயலூக்குகிறது.

பரிசு பெற்ற ஆண்டிலேயே எலும்பு மச்சையைத் தின்னும் நோய் அம்மையாரைப் பற்றியது. இரத்தம் ஏற்றிக்கொண்டு பத்தாண்டுகள் ஆய்வகத்தில் உழைத்தார். குழந்தைகளின் ஈரலில் கிளைக்கோஜன் தேங்கும் நோய்க்கு ஒரு நொதியின் குறையே காரணம் என 1952இல் காட்டியது அந்நாள்களில்தான். 1957 அக்டோபர் 26இல் மறைந்தார். கிரெப்சுக்கும் ஃபிஷருக்கும் நோபெல் பரிசு 1992இல் கிடைத்தது.