மருதநாயகம் என்னும் கான் சாஹிப்

இராமநாதபுரம் சீமை பனையூரில் பிறந்த மருதநாயகம், இஸ்லாத்தைத் தழுவி முகம்மது யூசுப் கான் ஆனார். கும்பெனிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து, சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக உயர்ந்தார். 1759இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவர்களுக்கு வந்த உணவுப் பொருள்களைத் தடுத்தார். பிறகு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தை ஏற்று, கண்மாய்களைச் செப்பனிட்டார்.

அவருடைய வளர்ச்சி ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்கு உறுத்தியது. கும்பெனியோ பழைய உழைப்பை மறந்து, அவரை நவாபுக்குக் கீழ்ப்பட்டவராக்கியது. மனம் கசந்தவர் எதிர்த்து நின்றார். சொந்த ஆட்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார், சம்மட்டிபுரத்தில் அடங்கியிருக்கிறார்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை நடத்தும் நாம், பல வருடம் கல்லாவைக் காத்த ஊழியரைப் பிறர் பேச்சைக் கேட்டு ஒதுக்குமுன் கான் சாஹிபை நினைத்துப் பார்ப்போம். அன்னாரின் மறுமைக்காக துஆச் செய்வோம்.