வேட்கோ வெட்ஜ்வுட்

தொழில் நடத்துவோர் ஆற்றும் பணிகளுள் மூன்றனை ஒன்றெனவே கருதி மயங்குவார் பலர். புதுப்பொருள் காண்டல் ஒன்று. தொழில் நடைபெறும் முறையையே மாற்றியமைத்தல் மற்றொன்று. கொள்வோரைப் பெருக்கி வாணிகத்தை வளர்த்தல் பிறிதொன்று. இவை தம்முள் வேறாயினும் ஒன்றற்கொன்று துணையாவன. இதனை ஆங்கில நாட்டு வேட்கோவராகிய ஜோசையா வெட்ஜ்வுட்டின் வரலாற்றால் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இவர் 1730ஆம் ஆண்டில், ஸ்டாபர்ட்ஷயரைச் சார்ந்த பர்ஸ்லெம் என்னும் ஊரில், வழிவழியாக மட்கலம் வனையும் குடியிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வைசூரி கண்டு உயிர் பிழைத்தாராயினும் வலது முழங்கால் வலிகுன்றிற்று. தமையனாரிடம் தொழில் பயின்ற அவ்விளைஞர்க்குத் திகிரியைக் காலால் மிதித்து இயக்குதல் அரிதாயிற்று. அதனால் அவருள்ளம் களிமண்ணின் இயல்பையும் மெருகின் கூறுகளையும் ஆராய்வதில் ஈடுபட்டது என்பர். சோதனை ஒவ்வொன்றையும் பிறர் அறியாவண்ணம் குறியெழுத்துக்களால் ஏட்டில் எழுதிவைத்தார். 1759இல் தனியே தொழில் தொடங்கி, முன்னரே வழக்கிலிருந்த பாலேட்டு நிறக் கலங்களை மிகவும் செம்மையுறச் செய்தார். இது புதுமை.

ஆயினும் நற்கலம் சூளையருகே கிடந்தாற் பயன் என்னை? 1765இல் அரசி சார்லட் அவரிடம் தேநீர்க் கலங்கள் செய்வித்தார். அவ்வாய்ப்பை நழுவவிடாது, அரசியின் இசைவு பெற்று, தம் கலங்களுக்கு அரசிகலம் எனப் பெயரிட்டார். இலண்டனிற் காட்சிச்சாலை நிறுவினார். பென்ட்லி என்னும் வணிகரைக் கூட்டாளியாகக் கொண்டார். கரடுமுரடான வழிகளிற் கலங்கள் உடைதல் கண்டு, 1766இல் தொடங்கப்பெற்ற டிரென்ட்–மெர்சி கால்வாய்க்கு முன்னின்று உழைத்தார். இது வாணிக வளர்ச்சி.

கொள்வோர் பெருகவே பழைய பட்டறைகள் போதாவாயின. 1768இல் நோயுற்ற காலை வெட்டி நீக்க நேர்ந்தும் அவர் தளர்ந்திலர். அடுத்த ஆண்டே எட்ரூரியா என்னும் பெருந்தொழிற்சாலையைத் திறந்தார். அங்கே வனைவோர், மெருகிடுவோர், வண்ணந்தீட்டுவோர் ஆகியோர் தத்தம் ஒரு வேலையிலேயே தேர்ச்சி பெற்றனர். மணியோசைக்கு வந்து மணியோசைக்குச் சென்றனர். இது முறைமாற்றம். விரும்பியபொழுது வந்து பழகிய தொழிலாளர்க்கு அம்மணியோசை இனிதாக ஒலித்திராது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இம்முறை அமைந்திராவிடின், உருசியப் பேரரசி காதரைன் வேண்டிய 900க்கும் மேற்பட்ட சித்திரக் கலங்களை 1774இற் செய்து முடித்தல் அரிதாயிருக்கும். மேலும், பெருந்தொழில் புதிய தேவையைத் தோற்றுவித்தது. சூளையின் வெம்மையைக் கண்ணால் மதிப்பிடுதல் போதாதாகவே, அதனை அளக்கும் கருவியொன்றை அமைத்து, 1783இல் ராயல் சொஸைட்டி என்னும் அறிஞர் கழகத்தில் உறுப்பினரானார். புதுமை வாணிகத்தை வளர்த்தது. வாணிகம் முறையை மாற்றுவித்தது. மாறிய முறை மீண்டும் புதுமையை ஈன்றது.

இம்மூன்றும் ஊதியத்திற்கே ஆயின், அவர் வரலாற்றை இத்துணை விரும்பிக் கூறியிரோம். 1787இல், விலங்கிடப்பட்ட அடிமை ஒருவன் முழந்தாளிட்டு வேண்டும் உருவைச் சிறு பதக்கமாகச் செய்வித்தார். பல்லாயிரஞ் சோதனைகளாற் கண்ட ஜாஸ்பர் மண்ணே அதன் பொருள். எட்ரூரியாவே அதனைப் பெருக்கிய இடம். கலங்களை நாடெங்கும் பரப்பியவர் இதனை விலையின்றியே வழங்கினார். மகளிர் அதனை வளையிலும் கொண்டையூசியிலும் பதித்து அணிந்தனர்; அடிமை வாணிகத்தின் கொடுமை கற்றோர் இல்லந்தோறும் பேசப்படலாயிற்று.

1795ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் வெட்ஜ்வுட் காலமானார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவ்வாணிகத்தை ஒழித்தது 1807இல். அந்நாளைக் காண அவர் இருந்திலர். அவர் கைவண்ணம் அதற்கு வழி கோலிற்று. நாளைத் தொழிற்றுறை புகவிருக்கும் நாம், எவ்வாறு செய்வது என்பதோடு எதற்காகச் செய்வது என்பதனையும் இவ்வேட்கோவரிடம் கற்போமாக.