மருதநாயகம்: கம்பெனியின் தளபதி தூக்கில் தொங்கியது ஏன்?

சமயநல்லூரிலிருந்து மதுரைக்குப் போய்வருபவர்களுக்கு சம்மட்டிபுரம் தெரிந்த பெயர்தான். அங்குள்ள தர்காவில் அடக்கமாகியிருப்பவர் கான் சாகிப் என்கிற மருதநாயகம்.

யார் இவர்?

ராமநாதபுரம் சீமை பனையூர்க்காரர். இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப் கான் ஆனார். கிழக்கிந்திய கம்பெனிப் படையில் சேர்ந்து, 1754-ல் அதன் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் கமாண்டன்ட் ஆனார்.

மதுரையில் என்ன செய்தார்?

1759-ல் மதுரை, நெல்லைச் சீமைகளின் நிர்வாகம் கைக்கு வந்தது. பூலித்தேவர் உள்ளிட்ட பாளையக்காரர்களை ஒடுக்கினார். கண்மாய்களைச் சீர்செய்தார். மீனாட்சி அம்மன் கோயில் நிலங்களை மீட்டுக் கொடுத்தார்.

எங்கே முறிந்தது?

வரிப்பணத்தில்தான். கம்பெனிக்கே நேரடியாகக் கட்ட விரும்பினார் கான் சாகிப். கம்பெனியோ, ஆற்காடு நவாப் முகமது அலிக்கு அடங்கி நடக்கச் சொன்னது. மறுத்தவர், 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

முடிவு?

முதல் முற்றுகை மழையோடு கலைந்தது. 1764-ல் திரும்ப வந்தார்கள், கோட்டைக்குள் பட்டினி. அக்டோபர் 13-ல் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 15-ம் தேதி தூக்கு.

பூலித்தேவரை ஒடுக்கியவரும் இவர்தான், கம்பெனியை எதிர்த்து நின்றவரும் இவர்தான். வீரரா, துரோகியா என்ற விவாதம் இன்னும் ஓயாததற்குக் காரணம் இதுதான்.